மேஜைக்காலடியில் ரப்பர்

மூன்றாவது முறையாக அதே வீட்டுக்கு வந்து நின்றார் பிளம்பர்.

மாடிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்தால் கீழே சமையலறைச் சுவரில் குழாய் தடதடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டு முறை வந்து, குழாய்க்கும் அதைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புக்கும் நடுவில் ரப்பர் கொடுத்து இறுக்கிவிட்டுப் போனார். இரண்டு முறையும் இரண்டே நாளில் சத்தம் திரும்பிவிட்டது.

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு குழாயை அவர் பார்த்ததில்லை.

கூப்பிட்டனுப்பியது மாடியிலிருக்கும் பெரியவர். மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் மேலே இவர், கீழே மருமகள், அவ்வளவுதான். பழைய பீரோவை மருமகளைக் கேட்காமல் விற்றதில் தகராறாகி, மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

தான் காலை ஐந்தரைக்கே குளிக்கிறவன், கீழே அவள் தூக்கம் கெடுகிறது என்று பெரியவர் விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதையே சாக்கா வச்சு என்னை மக வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பிட்டாள்னா என்ன பண்ணுவேன் தம்பி? இந்த வயசுல இன்னொரு வீட்டுல எனக்கு ஒட்டாது."

பிளம்பர் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறினார். திருகாணியெல்லாம் தளர்ந்து கிடந்தது. ரப்பரைக் காணோம். எலி கடித்திருந்தால் துணுக்காவது கிடக்க வேண்டுமே?

தலையைச் சொறிந்துகொண்டு குனிந்தவர் கண்ணில் அது பட்டது. மேஜை ஆடாமலிருக்க அதன் காலடியில் கொடுத்திருந்த கறுப்பு ரப்பர். அவர் கையால் வெட்டிய அதே துண்டு.

மருமகள் தலை நிமிராமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பயந்தது சரிதான் என்று பிளம்பருக்குப் பட்டது.

"ஏம்மா, அவரை அனுப்பணும்னா உன் வீட்டுக்காரர்கிட்ட நேரா சொல்லேன். நடுவுல என் பேரை ஏன் கெடுக்கறே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் எதுக்கு அவரை அனுப்பறேன்? நீங்க முதல் தடவை வந்துட்டுப் போன மறுநாள், அஞ்சரை ஆச்சு, ஆறு ஆச்சு, மேலேயிருந்து சத்தமே இல்லை. போன வருஷம் குளியலறையில மயங்கி விழுந்தவர். ஓடிப்போய்க் கதவுல காதை வச்சேன். உள்ளே இருமினார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. அன்னிக்கே திருகாணியைக் கழட்டிட்டேன்."

பிளம்பர் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார். ரப்பரை எடுப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதை அவர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிண்ணே சொல்றது? நாங்கதான் பேசிக்கறதில்லையே."