பூச்சி மேடத்தின் அறிக்கை

“ஒரே ஒரு வார்த்தையை மாத்துங்க மேடம். மீதியை நான் பார்த்துக்கறேன்” என்று பேனாவை நீட்டினார் தலைமைப் பொறியாளர்.

“மாத்த மாட்டேன் சார்.”

நகரத்துக்குள் ஓடும் ஆறு எப்படி இருக்கிறது என்று சோதித்து எழுதுவது அவள் வேலை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, வலையில் சிக்கும் பூச்சிகளைப் பார்த்துத் தண்ணீருக்கு மதிப்பெண் போடுவாள். அதனால் அலுவலகத்தில் ‘பூச்சி மேடம்’ என்றே பெயர்.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கேட்டதும் மாத்திக் கொடுத்தார். நீங்க மட்டும் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறீங்க. இந்த அறிக்கை இப்படியே மேலே போனா என் ரோடு திட்டமே படுத்துடும்!”

“படுக்கட்டும்.”

“வேற ஊருக்குத் தூக்கி அடிச்சுடுவேன்.”

“அங்கேயும் ஆறு இருக்கும் சார்.”

பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அரிசி நீளத்தில், மூன்று வாலோடு ஒரு பூச்சி உள்ளே நீந்திக்கொண்டிருந்தது.

“பூச்சியைக் காட்டி என்னை மிரட்டுறீங்களா?”

“கெட்ட தண்ணியில இது ஒரு நாள் தாங்காது சார். இதை நம்ம பாலத்துக்குக் கீழேதான் பிடிச்சேன். மேலே சிமென்ட் போட்டு மூடி நீங்க ரோடு போடணும்ங்கறதுக்காக, உசிரோட ஓடுறதைப் பார்த்துட்டு, ‘ஆறு’ங்கறதை அடிச்சுட்டு ‘சாக்கடை’ன்னு எழுத என் கை வராது!”