ஊட்டிக்கு ஒரு ஒத்திகை

சாய்நாத் பழைய வேன் ஒன்றில் கட்டில், ஃபேன், டிவி, பேட்டரி, அவசரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் எல்லாம் பொருத்தி, கூரையில் சோலார் தகடும் மாட்டியிருந்தார். மயிலாப்பூரில், வீட்டு வாசலிலேயே அன்று ஒத்திகை.

"ஜெனரேட்டரைத் தொடாம சாயங்காலம் வரைக்கும் பேட்டரி தாங்கினா நாளைக்கே ஊட்டி. இல்லேன்னா வேனை வித்துடறேன்" என்றார்.

"இந்த டப்பாவை இப்பவே வித்துடலாம்" என்றபடி அவர் மனைவி ஹம்சா ஃபேன், டிவி, விளக்கு எல்லாவற்றையும் போட்டாள்.

"வேணும்னே பண்றே! வானம் வேற மூடிண்டிருக்கு. ஒண்ணையாவது அணையேன்."

"தாங்கும்னேளே? தாங்கட்டும்."

தன்னைத் தோற்கடிக்கத்தான் பார்க்கிறாள் என்று சாய்நாத் நொந்துபோனார். ஆனால் சாயங்காலமாகியும் பேட்டரி முள் இம்மியும் இறங்கவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டு வேனிலிருந்து குதித்தவரின் காலை ஏதோ தடுக்கியது.

பேட்டரியிலிருந்து கிளம்பிய ஒரு சார்ஜர் வயர், பூந்தொட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிப் போய், அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தார். வேனுக்குள் ஹம்சா இரண்டு ஸ்வெட்டர்களை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹம்சா, இந்த வயர் ஊட்டி வரைக்கும் எட்டாதேடி!"

"ஏன்னா, அந்தக் குளிர்ல யார் ஃபேன் போடப் போறா?"