கிளார்
குரோருட் சிகிச்சை நிலையத்தின் ஜன்னலில் நவம்பர் வெளிச்சம் சாம்பலாக நிற்கிறது. ஒஸ்லோவில் வாழ்க்கைப்பட்ட நெதர்லாந்துச் சைக்கிள் வீராங்கனை அனெலீஸின் வீங்கிய முழங்காலை, இயன்மருத்துவர் சாருகா மெல்ல மடக்கிப் பார்க்கிறாள். பாதிக்கு மேல் மடங்கவில்லை. பதினொரு வருடமாக உள்ளரங்கச் சைக்கிள் பந்தயத் தளங்களில் அனெலீஸை முன்னுக்குக் கொண்டுவந்த கால் அது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இன்னும் ஒன்பது மாதம். "இனிப் போட்டியிலை சைக்கிள் ஓட ஏலாது," என்கிறாள் சாருகா, நோர்வேஜிய மொழியில்.  அனெலீஸ் தன் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து டச்சில் கதைக்கிறாள். கடைசியாக, "கிளார்" என்கிறாள். நோர்வேஜிய மொழியில் அதற்குத் 'தயார்' என்று அர்த்தம். சாருகா திடுக்கிடுகிறாள். "எதுக்குத் தயார்? நான் சொன்னது விளங்கேல்லையோ?" "விளங்கினது," என்கிறாள் அனெலீஸ். "எங்கட மொழியிலை அதுக்கு 'முடிஞ்சுது' எண்டும் அர்த்தம்." சொல்லிவிட்டு, சுருட்டியிருந்த காற்சட்டையை முழங்காலுக்குக் கீழே மெதுவாக இறக்கிவிடுகிறாள்.