கிண்ணத்தின் அளவு

அன்று வியாழனா வெள்ளியா என்று இப்போது யாராவது கேட்டால் தடுமாறுவேன்.

குடை எடுத்துப் போனோம். மழைக்கா வெயிலுக்கா என்பது ஞாபகமில்லை. கடையில் யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதைக்கூட, நினைத்து நினைத்து நானே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் குஷி மட்டும் அப்படியே இருக்கிறது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகப் படிகளில் கிட்டத்தட்ட ஓடி இறங்கினேன். நாற்பத்தாறு வயதில்.

திங்கட்கிழமை தனி வீட்டுக்குப் போகிறேன். ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை. விவாகரத்து கையில் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பழைய வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட எடுத்துக்கொள்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

எனக்கென்று நானே வாங்கப்போகும் முதல் சாமான், சின்னதாக ஒரு ஃபுட் பிராசஸர்.

துணைக்கு வந்தது அத்தை. என் கணவராக இருந்தவரின் அம்மா.

பத்தொன்பது வருடம் ஒரே சமையலறையில் நின்றவர்கள் நாங்கள். பல நாள் ஒரு வார்த்தை பேசாமல் முழுச் சமையலையும் முடித்திருக்கிறோம். கோபமெல்லாம் இல்லை. அவர் கையை நீட்டினால் கத்தியா, தட்டா என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமையோடு அது முடிகிறது. என்னோடு வந்துவிடுங்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. எந்த உரிமையில் கேட்பது? பெற்ற மகன் இருக்கிறார். பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். கேட்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. வரிசையாக மெஷின்கள். விற்பனைப் பெண் ஒவ்வொன்றிலும் காரட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினாள். நானே அழுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மூன்றே அழுத்தில் முழுக் காரட் காணாமல் போனது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"கரண்டையே இன்னைக்குத்தான் கண்டுபிடிச்ச மாதிரி ஆடுறா" என்றார் அத்தை, விற்பனைப் பெண்ணிடம்.

அவர் எதற்கும் மசியவில்லை. வெட்டியதை விரலால் எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று, தலையை ஆட்டுவார். வேண்டாம். அடுத்தது. அதுவும் வேண்டாம். விற்பனைப் பெண் நான்காவது காரட்டை எடுத்தாள்.

நான் ஒரு நீல மெஷினிடம் மனதைக் கொடுத்திருந்தேன். புது வீட்டில் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் இடத்தை ஒரு நாடாவால் அளந்து முடிச்சுப் போட்டு வந்திருந்தேன். பிரித்து வைத்துப் பார்த்தால், நீலம் முடிச்சுக்குள் கச்சிதமாக அடங்கியது.

"அகலத்த அளந்த. உயரத்த யாரு வந்து அளப்பா? மேல பலகை இருக்கு. மூடியத் திறந்தா முட்டும்."

சரிதான். அளக்காமல் விட்டிருந்தேன். மெஷின் மேடையிலேயே நிற்க வேண்டும். அலமாரிக்குள் போனது எதையும் நாங்கள் திரும்ப எடுத்ததில்லை.

"பலகை இருக்குன்னு உங்களுக்கு யாரு அத்தை சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? வீட்டுக்காரம்மாகிட்ட சாவி வாங்கிப் பாத்துட்டு வந்தேன்."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. நான் போய்ச் சேரப்போகிற இடம் எப்படி இருக்கிறதென்று ஒரு தடவை பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சட்டென்று, குள்ளமாக ஒன்று காட்டச் சொன்னேன்.

இருந்தது. வெள்ளை. அகலமும் அடங்கியது, உயரமும் இடிக்காது. அழுத்தினேன். காரட் மணல் மாதிரி உதிர்ந்தது. இதுதான், இதேதான் என்று குதிக்காத குறை. அத்தை விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுல சின்னக் கிண்ணமும் இருக்கு, பெரிய கிண்ணமும் இருக்கு. வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"ஒரே ஆள்தான்" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஒரு மாதமாகச் சொல்லிப் பழகியிருந்தேன்.

அத்தை மென்றுகொண்டிருந்தார். அவர் விழுங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தது போல இருந்தது.

"பெரிய கிண்ணமே குடும்மா. எனக்கு ரெண்டு பக்கமும் கடவாய்ப் பல்லு கிடையாது. இந்த அளவுக்குப் பொடிசா இருந்தாத்தான் என்னால திங்க முடியும்."

விற்பனைப் பெண் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் பெட்டி எடுக்க உள்ளே போனாள்.

நான் அத்தையைப் பார்க்கவில்லை. அவரும் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினேன்.

"வெறும் கிண்ணத்துல ஓட்டாதடி" என்றார்.

இனி என்னோடுதான் இருக்கப்போவதாக அன்று காலையே மகனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். அது எனக்குப் பல மாதம் கழித்துத் தெரிந்தது. மகன் மூன்று வருடம் அவரோடு பேசவில்லை, பிறகு பேசினார். இப்போது மறுமணம் செய்துகொண்டு வேறு ஊரில் இருக்கிறார். அந்த மெஷின் ஆறு வருடம் உழைத்தது. அத்தை ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறார், எண்பத்து மூன்று நடக்கிறது. நான் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் பாக்கி. விற்பனைப் பெண் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள்.