கட்டியாகும் மணல்

“ஏம்மா, நான் வாங்கிட்டு வந்த பூனை மணல் மூட்டை எங்க?”

பெரியக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“பால்கனியில எடுத்து வச்சிருக்கேன், அண்ணி,” என்றாள் தம்பி மனைவி, ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

“பூனை இருக்கிறது ஹாலுல. மணல் எதுக்கு பால்கனியில?”

“குட்டிங்க ரொம்பச் சின்னது, அண்ணி. கால் பட்டதையெல்லாம் வாய்ல வச்சுப் பார்க்குதுங்க. அந்த மணல்ல ஈரம் பட்டா கட்டியாயிடும். கொஞ்சம் வளரட்டும். அதுவரைக்கும் கிழிச்ச பேப்பரே போதும்.”

“கடைக்காரன் நல்ல மணல்னு சொல்லித்தான் கொடுத்தான்.”

“பெரிய பூனைக்கு நல்லதுதான்.”

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெற்று, பேரனையும் தூக்கி வளர்த்தவள். அவளுக்குப் பூனை கக்கூஸைப் பற்றிப் பாடம்.

கார் நிறுத்தும் இடத்தில் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த குட்டிகளை அள்ளிக்கொண்டு வந்ததும் இதே மகராசிதான். ஹால் மூலையில் குட்டிகள் மலம் கழிக்க ஒரு தட்டு, அது நிறையக் கிழிந்த பேப்பர். குட்டிகள் அதைச் சோபாவுக்கு அடிவரை இழுத்துப் போட்டிருந்தன. நாற்றம் வேறு.

“வீடா இது, பழைய பேப்பர் கடையா,” என்று முணுமுணுத்தபடி பெரியக்கா எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். மூட்டையைக் கொண்டு வந்து தட்டில் மணலைக் கொட்டி, உள்ளங்கையால் நிரவிவிட்டாள். பார்க்கவே லட்சணமாக இருந்தது. குட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி முகர்ந்து பார்த்தன.

சாயங்காலம் வந்து பார்த்து வாயடைத்துப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே டிவியைப் போட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்தபோது கறுப்புக் குட்டி பாலைத் தொடாமல் சுருண்டு கிடந்தது. இரண்டு தடவை வாந்தி. வயிறு கல் மாதிரி இருந்தது.

தம்பி மனைவி வந்ததும் தட்டை ஒரு முறை பார்த்தாள். பெரியக்காவை ஒரு முறை பார்த்தாள். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, “வண்டியை எடுங்க,” என்றாள் கணவனிடம்.

வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் பெரியக்காவும் ஏறிக்கொண்டாள்.

கால்நடை டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்து ஈறைத் தடவினாள். விரலில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியது.

“இது மலம் கழிக்க என்ன போட்டிருக்கீங்க?”

“பேப்பர்தான் டாக்டர்,” என்றான் தம்பி.

“பேப்பர் இப்படி ஒட்டாது. இது ஈரம் பட்டா கட்டியாகுற மணல். தட்டுல என்ன செய்யுதோ அதையேதான் வயித்துலயும் செய்யும். யாரு போட்டது?”

‘நான்’ என்ற ஒரு சொல்தான் பெரியக்கா சொல்ல வேண்டியிருந்தது. அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“நான்தான் டாக்டர்,” என்றாள் தம்பி மனைவி. “பேப்பர் நாறுதேன்னு இன்னைக்கு மாத்திட்டேன்.”

டாக்டரம்மா பிடித்துக்கொண்டாள். படிச்சவங்களே இப்படிச் செஞ்சா எப்படி, வாயில்லாத ஜீவன் கிட்டயா உங்க சோதனை என்று விடாமல் கேட்டாள். தம்பி மனைவி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தம்பி ஆரம்பித்தான். “வீட்டுல பெரியவங்க இருக்காங்க. அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

பெரியக்கா தரையைப் பார்த்தாள். தான் மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குள் முதலில் வந்தது நிம்மதிதான். ஒரு நொடி, அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு நொடியை நினைக்க நினைக்க இப்போது உடம்பே கூசியது.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். “இனிமா கொடுத்ததுல மணல் வெளியே வந்துடுச்சு. பிழைச்சுக்கும். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க.”

தம்பி மருந்து வாங்கப் போனான். பெஞ்சில் இருவரும்தான்.

“ஏம்மா உன் தலையில போட்டுக்கிட்டே?”

தம்பி மனைவி ஈரத் துண்டை மடித்தாள். “நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க மருமக எனக்கு போன் பண்ணியிருந்தா, அண்ணி. டாக்டர் கொடுக்கக் கூடாதுன்னு சொன்ன மருந்தை அத்தை குழந்தைக்குக் கொடுத்துட்டாங்க, இனி ஒண்ணா இருக்க முடியாதுன்னு அழுதா.”

பெரியக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க தம்பிக்கு இது தெரியாது. மகன் ஊருத் தண்ணி ஒத்துக்காம இங்க வந்துட்டேன்னு நீங்க சொன்னதையே நம்பிக்கிட்டிருக்கார். இங்கயும் அதே பேச்சு கிளம்பினா நீங்க எங்க போவீங்க?”

மருந்துப் பையோடு தம்பி வந்தான். கோபம் இன்னும் அடங்கவில்லை. “இனிமே எதைச் செய்யறதா இருந்தாலும் அக்காவைக் கேட்டுட்டுச் செய்,” என்றான் மனைவியிடம்.

பெரியக்கா எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவளைத் திட்டாதேடா. மணலைக் கொட்டினது நான். அவ வேண்டாம்னு சொன்ன பிறகுதான் கொட்டினேன். என் பேரனுக்கு மருந்து கொடுத்ததும் இப்படித்தான்.”