மீட்டிங்கில் மாப்பிள்ளை

"மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனில் மனைவியிடம் கிசுகிசுத்தான் மாப்பிள்ளை. அவன் மடியில் சின்ன வீடு சூடேறிக்கொண்டிருந்தது.

சின்ன வீடு என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். கையில் பிடித்து விளையாடுகிற கேமிங் கம்ப்யூட்டர் அது, நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள். வாங்கி வந்த அன்றே அவன் மனைவி அதற்கு வைத்த பேர் அது.

"அப்புறம் எல்லாம் முடியாதுங்க, எனக்கும் இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு. பாப்பாவை வழக்கம்போல அப்பாவே ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடுவார். நீங்க ஆறு மணிக்கு வீட்ல இருங்க. அப்பா உங்ககிட்ட தனியாப் பேசணுமாம்."

"தனியாவா? என்ன விஷயம்?"

"என்கிட்டயே சொல்லலை. காலையிலேர்ந்து முகத்தை உர்ருனு வெச்சுக்கிட்டு இருக்கார்."

மாப்பிள்ளை பயந்துபோய் போனை வைத்தான். பயப்படாமல் என்ன செய்வான்? மீட்டிங்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவன் வரைபடம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த கட்டடக் கம்பெனி, பத்தொன்பது நாளைக்கு முன்னால் கையில் ஒரு கவரைக் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அன்றிலிருந்து காலையில் இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டு டப்பா, பையில் சின்ன வீடு. லைப்ரரியில் கொஞ்சம், பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம், எங்கே பிளக் பாயின்ட் கிடைக்கிறதோ அங்கே கொஞ்சம். காவல்காரர் இரண்டு தடவை முறைத்தால் அடுத்த இடம். நாலு கம்பெனிக்கு மனு போட்டாயிற்று, ஒரு பதிலும் இல்லை. மிச்சப் பொழுதை இந்த விளையாட்டில்தான் தள்ளினான். கை சும்மா இருந்தால் மனசு பேய் பிடித்து ஆடியது.

மனைவியைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். மாமனார்தான் பயம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில்தான் இவர்கள் குடியிருப்பே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை சின்ன வீட்டை டிவியில் மாட்டி விளையாடினால், 'தூங்கும் புலி' என்ற அவன் விளையாட்டுப் பெயர் திரை முழுக்க மின்னும். மாமனார் பேப்பரைச் சற்றே இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு டிக்கெட் வைத்திருப்பவனும் பையைத் தடவிப் பார்ப்பான்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தான் மாப்பிள்ளை. இருப்புக் கொள்ளவில்லை. திரையில் 'தகரடப்பா' காத்துக்கொண்டிருந்தான்.

தகரடப்பா யார் எவர் என்று தெரியாது. வேலை போன மூன்றாம் நாள் இன்டர்நெட் வழியாகத் தானாக வந்து விளையாட்டில் ஜோடி சேர்ந்துகொண்டவன். விளையாட்டில் சுத்த சூனியம், அரக்கனை விட்டுவிட்டுச் சுவரை வெட்டுகிற ஜென்மம். 'எருமை, எருமை' என்று மாப்பிள்ளை எழுத்தைத் தட்டித் தட்டித் திட்டினாலும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு திரிவான். அவன் இருந்தது மாப்பிள்ளைக்கு ஒரு ஆறுதல்தான்.

அன்றைக்கு மனசு தாங்காமல் மாப்பிள்ளை அவனிடமே கொட்டினான். 'வேலை போனது வீட்ல தெரிஞ்சுபோச்சுனு நினைக்கிறேன். மாமனார் கூப்பிட்டிருக்கார்.'

'என்ன செய்வார்?' என்று எழுத்து எழுத்தாக வந்தது பதில்.

'சிடுமூஞ்சி மனுஷன். பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சுடுவார். அதுக்கு நானே எங்கேயாவது கண்காணாமப் போயிடலாம்னு பார்க்கிறேன்.'

கோட்டை வாசலில் அரக்கன் தகரடப்பாவைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தான், அவன் அசையவே இல்லை. பிறகுதான் பதில் வந்தது. 'எங்கேயும் போகாதே. நேரா வீட்டுக்குப் போ.'

மணி மூன்றேகால். தினமும் அந்த நேரத்துக்குச் செய்கிற மாதிரியே, பாதிச் சண்டையில் தகரடப்பா காணாமல் போனான்.

"நல்ல நேரம் பார்த்துப் போறான் பாரு" என்று முணுமுணுத்தான் மாப்பிள்ளை. எதிரே வெளியூர் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தான். பாப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. வந்தது வரட்டும் என்று வீட்டுக்கு நடந்தான்.

ஆறு மணிக்கு மாமனார் தன் அறைக் கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டர் மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"வேலை போய் எத்தனை நாள் ஆச்சு?"

மாப்பிள்ளைக்கு உயிர் போய் வந்தது. "பத்தொன்பது நாள், மாமா. சொல்லியிருக்கணும், தைரியம் வரலை. என்னை மன்னிச்சுடுங்க. நாளைக்கே நான் வேற..."

"கொஞ்சம் பேசாம இருங்க. டிக்கெட் இல்லாதவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? முதல் நாள் சாயங்காலமே தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே, மாமா?"

"கேட்டிருந்தா அன்னைக்கே வீட்டை விட்டுப் போயிருப்பீங்க."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"வெளியில தனியாக் கிடந்து என்ன பாடுபடறீங்களோன்னு பயமா இருந்துச்சு மாப்ளே, அதான் நானும் அந்தக் கண்றாவி விளையாட்டைக் கத்துக்கிட்டேன்."