நம்ம ஊர்க்காரி

பார்லர் கதைன்னதும் காதைத் தீட்டிக்கிட்டு வந்திருப்பீங்க. நாத்தனார் வம்பு, யார் வீட்டுல யாரு கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு... அதெல்லாம் கிடையாது. இது ஒரு பச்சைப் பொய்யைப் பத்தின கதை.

அவ கல்யாணமாகி வெளிநாட்டுக்கு வந்து மூணு மாசம். புருஷன் வேலைக்குக் கிளம்பிட்டா வீட்டுல அவளும் சுவரும்தான். "போதும்டா சாமி, நான் ஊருக்கே போறேன்"னு சண்டை போட்டு, சனிக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. போறப்ப தலையாவது லட்சணமா இருக்கட்டும்னுதான் பார்லருக்குள்ள நுழைஞ்சா.

"வா கண்ணு, தமிழா? எந்த ஊரு?" பார்லர் அக்கா கழுத்துல துணியைச் சுத்தினாங்க.

சொன்னா.

"அடிப்பாவி! நம்ம ஊரா?"

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "நிஜமாவாக்கா? எந்தத் தெரு?"

"இரு, நீ முதல்ல சொல்லு. பஸ்ஸை விட்டு இறங்கினா எதிர்ல என்ன? மறந்துட்டியான்னு பார்க்கிறேன்."

"மறப்பேனா? செருப்புக்கடை. பக்கத்துல மருந்துக்கடை. சில்லறை கேட்டா இருமல் மிட்டாயை நீட்டுவானே..."

"அவனேதான்! இன்னுமா திருந்தல?"

மூணு மாசமாப் பூட்டிக் கிடந்த வாய். திறந்தா மூடல. ஸ்கூல் டீச்சர், தையக்கடை, அடுத்த வீட்டு நொண்டி நாய் வரைக்கும் போச்சு.

"ஆமாமா, அந்த நாய்!"ன்னாங்க அக்கா, காதோரம் முடியைக் கத்தரிச்சுக்கிட்டே.

கண்ணாடியில பார்த்தா, முடி தோளோட நின்னுச்சு. சிரிப்பு காது வரைக்கும் போயிருந்துச்சு.

"அக்கா, டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன். ஊர்க்காரி ஒருத்தி பக்கத்துல இருக்கிறப்ப எனக்கென்ன? அடுத்த லீவுல சேர்ந்தே போவோம். உங்க வீட்டைக் காட்டணும், சரியா?"

கத்திரி நின்னுச்சு. அக்கா சீப்பைத் தேடினாங்க. சீப்பு கையிலேயே இருந்துச்சு.

பக்கத்து நாற்காலியில தலை நிறைய சாயத்தோட அரை மணி நேரமாக் காத்துக்கிட்டிருந்த ரிட்டயர்ட் நர்சம்மாவுக்கு அதுக்கு மேல தாங்கல.

"எந்த வீட்டைடி காட்டுவா? இங்க வந்து உட்கார்ற ஒவ்வொருத்தி ஊரும் இவளுக்கு 'நம்ம ஊரு'தான். ஒண்ணையாவது கண்ணால பார்த்திருக்காளா? இதோ, இந்தக் கடைக்கு எதிர்த்த ஆஸ்பத்திரியில இவ அம்மாவுக்குப் பிரசவம் பார்த்து, இவளை வெளிய எடுத்ததே நான்தான்!"